1 வெள்ளியில் குடும்பத்துக்கு மருந்து: லெம்பா பெர்த்தாம் மக்களுக்கு ஒரு வழிகாட்டி

கேமரன் மலை: பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து, பாட்டிக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை, அப்பாவுக்கு இனிப்புநீர் மாத்திரை. ஒரு வீட்டில் மாதா மாதம் தேவைப்படும் இவற்றைப் பட்டணத்து ஃபார்மசியில் காசு கொடுத்தே வாங்கும் குடும்பங்கள் தோட்டப்புறங்களில் இன்னமும் இருக்கின்றன. இவை எல்லாம் அரசாங்க சுகாதார கிளினிக்கின் மருந்தகத்தில் மலேசியக் குடிமக்களுக்குக் கிடைக்கின்றன. கட்டணம் 1 வெள்ளி.

அந்த 1 வெள்ளிக்குள் மருத்துவரைப் பார்ப்பதும் மருந்து பெறுவதும் அடங்கிவிடும். 1982ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டண ஆணைப்படி வசூலிக்கப்படும் தொகை இது. நிபுணத்துவ கிளினிக்கில் 5 வெள்ளி. 60 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத் திறனாளி அட்டை வைத்திருப்பவர்கள், அரசாங்க ஓய்வூதியம் பெறுவோர் ஆகியோர் வெளிநோயாளியாக வரும்போது அந்த 1 வெள்ளியும் கட்ட வேண்டியதில்லை. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் தாய்சேய் நலப் பிரிவில் சிகிச்சை இலவசம். இரும்புச் சத்து மாத்திரை, ஃபோலிக் அமில மாத்திரை, தடுப்பூசி எல்லாம் அங்கேயே கிடைக்கும்.

தனியார் ஃபார்மசியில் இந்தச் சலுகை கிடையாது. அரசாங்க மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைத் தனியார் கடையில் நீட்டினால் முழு விலையையும் நாம்தான் கட்ட வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல், "சீட்டு இருக்கிறதே, எங்கே வாங்கினால் என்ன" என்று பட்டணத்திலேயே வாங்கிக்கொண்டு வீடு திரும்புபவர்கள் உண்டு. மாதம் பல பத்து வெள்ளி அப்படிப் போகிறது. கையில் காசு இல்லாத மாதம் மருந்தும் நின்றுபோகிறது.

மருந்து நிற்பதுதான் இங்கே பெரிய ஆபத்து. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், 29.2 விழுக்காட்டினருக்கு ரத்தக் கொதிப்பு, 33.3 விழுக்காட்டினருக்கு ரத்தத்தில் அதிகக் கொழுப்பு. இனவாரியாகப் பார்த்தால் இனிப்புநீர் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். ரத்தக் கொதிப்பு வலிக்காது. மாத்திரையை நிறுத்திய மறுநாளும் தேயிலைக் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு மலை ஏற முடியும். அதனால்தான் "எனக்கு ஒன்றும் இல்லை" என்று தோன்றும். சில ஆண்டுகள் கழித்துப் பக்கவாதமாகவோ சிறுநீரகப் பழுதாகவோ வரும். சிறுநீரகம் பழுதானவருக்கு வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் டயாலிசிஸ். மலைப் பாதையில் வாரம் 3 முறை போய் வருவதையும், மாதம் ஒரு முறை மருந்துக்குப் போய் வருவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தூரமும் நாள் சம்பளமும்

போ தோட்டம் 1929இல் தொடங்கியது. பாரத் தேயிலை 1933இல் வந்தது. அந்தக் காலத்துத் தோட்டங்களில் மருந்தைத் தேடி யாரும் பட்டணம் போகவில்லை. பெரட்டுக்களத்துக்குப் பக்கத்திலேயே தோட்ட மருந்தகம் இருந்தது, டிரெசர் இருந்தார். புண்ணுக்கு மருந்து கட்டியவரும் காய்ச்சலுக்குக் கலவை மருந்து ஊற்றிக் கொடுத்தவரும் அவர்தான். இப்படிப்பட்ட தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யவே 1965இல் தனிச் சட்டம் போடப்பட்டது. இன்று பல இடங்களில் டிரெசர் இல்லை. மருந்தைத் தேடி நாம்தான் போக வேண்டியிருக்கிறது.

லெம்பா பெர்த்தாம், ரிங்லெட்டுக்குக் கீழே பெர்த்தாம் ஆற்றை ஒட்டிய பகுதி. இங்குள்ளவர்களுக்குப் பக்கத்துப் பட்டணம் ரிங்லெட். மாவட்ட மருத்துவமனையான சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை தானா ராத்தாவில் உள்ளது. ரிங்லெட்டிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர், அதுவும் மேட்டுப் பாதை. வார இறுதியில் சுற்றுலா வாகனங்கள் ஏறத் தொடங்கினால் அந்த 13 கிலோமீட்டர் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது உங்களுக்கே தெரியும். நிபுணரைப் பார்க்க ஈப்போ, குவாலா லிப்பிஸ் அல்லது தெமெர்லோ போக வேண்டும். மழைக் காலத்தில் மண் சரிந்தால் எந்தப் பாதையும் நிச்சயமில்லை.

அதோடு சம்பளப் பிரச்சினை. மருந்து எடுக்கப் போன நாளுக்குப் பொதுவாக எம்.சி. தருவதில்லை, வந்து போன நேரத்தை எழுதிய சிலிப்தான் தருவார்கள். கொழுந்தைக் கிலோ கணக்கில் பறிப்பவருக்கு அந்த நேரம் சம்பளம் இல்லாத நேரம். உடம்புக்கு முடியாமல் மருத்துவர் எம்.சி. கொடுத்தால் அது வேறு. வேலைச் சட்டப்படி, 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், 2 முதல் 5 ஆண்டுக்குள் இருப்பவருக்கு 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. தோட்ட நிர்வாகத்தின் கடமைகளும் சட்டத்தில் இருக்கின்றன. சட்டம் 446 எனப்படும் 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டத்தில் சுகாதார, மருத்துவ வசதிகளுக்கென்றே ஒரு பகுதி உள்ளது. நோயாளிகளுக்குத் தோட்ட வண்டி உண்டா என்று ஆபிசில் கேட்பது பிச்சை அல்ல.

மருந்தை வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவரலாம்

இது பலருக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நீண்ட கால நோய்க்கு மருத்துவர் எழுதும் சீட்டு பல மாதங்களுக்குச் செல்லும். ஆனால் மருந்தகம் பெரும்பாலும் ஒவ்வொரு மாதத்துக்கான மருந்தைத்தான் கொடுக்கும். அடுத்த மாதம் மருந்து எடுக்க வரும்போது மறுபடி மருத்துவரைப் பார்க்க வரிசையில் உட்கார வேண்டாம்; நேராக மருந்தக முகப்புக்குப் போகலாம். நோயாளியே வர வேண்டும் என்பதும் இல்லை. சீட்டையும் அப்பாயின்ட்மென்ட் அட்டையையும் நோயாளியின் அடையாள அட்டையையும் மகனிடமோ மருமகளிடமோ கொடுத்து அனுப்பலாம். ஒரே லயத்தில் இனிப்புநீர்க்காரர்கள் மூன்று நான்கு பேர் இருந்தால், ஒரே தேதிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் போனால் நால்வருக்கும் மருந்து வந்துவிடும்.

அடுத்து எஸ்பியூபி எனப்படும் ஒருங்கிணைந்த மருந்து வழங்கும் முறை. ஈப்போ மருத்துவமனையில் இதய நிபுணரைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் முறை மருந்தை அங்கேயே வாங்கிக்கொண்டு, மீதி மாதங்களுக்கு ரிங்லெட் கிளினிக்கிலேயே எடுத்துக்கொள்கிறேன் என்று அந்த மருந்தக முகப்பில் சொல்ல வேண்டும். அவர்கள் பதிவு செய்து ரிங்லெட்டுக்குத் தகவல் அனுப்புவார்கள். நாம் கேட்டால்தான் நடக்கும். கேட்காதவருக்கு அவர்களாக இதைச் செய்துவிட மாட்டார்கள். சில நிபுணத்துவ மருந்துகளைச் சிறிய கிளினிக்குகள் இருப்பில் வைப்பதில்லை. வரவழைக்க நாளாகும். ஆகவே மருந்து தீரும் நாளுக்கு முன்பே போன் செய்து, வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மருந்தகத்தின் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி மருந்துப் பைக்குள் வைப்பது நல்லது.

தபாலில் மருந்து அனுப்பும் சேவையும் இருக்கிறது. மருந்துக்குக் காசில்லை, அனுப்பும் செலவு நம்முடையது. இன்சுலின் போன்ற குளிரில் வைக்க வேண்டிய மருந்துகளையும் மனநல சிகிச்சைக்கான சில கட்டுப்பாட்டு மருந்துகளையும் தபாலில் அனுப்ப மாட்டார்கள். தோட்ட முகவரியில் இன்னொரு சிக்கல்: லயத்து வீட்டு எண்ணை மட்டும் எழுதினால் பொட்டலம் சுற்றிக்கொண்டே இருக்கும். தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஆபிஸ் முகவரி, பகலில் எடுக்கக்கூடிய கைப்பேசி எண் நான்கும் இருக்கட்டும். சில மருத்துவமனைகளில் காரை விட்டு இறங்காமலே மருந்து வாங்கும் முகப்பும், மருந்தை எடுத்துக்கொள்ளும் பெட்டகமும் உண்டு. இவற்றுக்கு மைஉபாட் முறையில் முன்பதிவு செய்யலாம். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் 5 நிமிட வேலை.

2013 அக்டோபர் 23ஆம் தேதி அணை நீர் திறந்துவிடப்பட்டு லெம்பா பெர்த்தாமுக்குள் வெள்ளம் புகுந்த இரவை இங்கு யாரும் மறக்கவில்லை. உயிர்கள் போயின, வீடுகள் சேற்றில் மூழ்கின. அப்படி ஓர் இரவில் மருந்துப் பையைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. கிளினிக் புத்தகத்தையும் மருந்துச் சீட்டையும் கைப்பேசியில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று தெரிந்தால் எந்த அரசாங்க கிளினிக்கிலும் உதவி கேட்பது எளிது.

பையில் எழுதியிருப்பது என்ன?

அரசாங்க மருந்துப் பைகளில் குறிப்புகள் மலாயில் இருக்கும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த மூத்தவர்களுக்கு இது பெரிய தடை. "செபெலும் மாக்கான்" என்றால் சாப்பாட்டுக்கு முன். "செலெபாஸ் மாக்கான்" என்றால் சாப்பிட்ட பின். "2 காலி செஹாரி" என்றால் ஒரு நாளைக்கு 2 முறை. "பிலா பெர்லு" என்று இருந்தால் தேவைப்படும்போது மட்டும். வலி இல்லாத நாளில் வலி மாத்திரை வேண்டாம். "ஹாபிஸ்கான்" என்று இருந்தால், உடம்பு தேறிவிட்டாலும் முழுவதையும் சாப்பிட்டு முடிக்க வேண்டும். கிருமிக்கொல்லி மருந்துகளில் இதைப் பார்க்கலாம். பேரப்பிள்ளையை உட்கார வைத்து, பையின் மேல் தமிழில் எழுதச் சொன்னால் முடிந்தது.

"போன மாதம் வெள்ளை மாத்திரை, இந்த மாதம் மஞ்சள் மாத்திரை. மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்" என்ற புகார் அடிக்கடி கேட்கும் ஒன்று. அரசாங்கம் மருந்தை டெண்டர் மூலம் வாங்குகிறது. நிறுவனம் மாறினால் நிறமும் வடிவமும் மாறும். உள்ளே இருக்கும் மருந்து அதேதான். பையில் எழுதியிருக்கும் பெயரும் மில்லிகிராமும் முன்பு போலவே இருக்கிறதா என்று பாருங்கள். அம்லோடிபின் 10 மில்லிகிராம் எந்த நிறத்தில் வந்தாலும் அம்லோடிபின் 10 மில்லிகிராம்தான். சந்தேகம் இருந்தால் முகப்பிலேயே கேட்டுவிட வேண்டும். வீட்டுக்கு வந்து குப்பையில் போடக் கூடாது.

இதைவிட ஆபத்தானது இரட்டை மருந்து. அரசாங்க மாத்திரை "வேகம் பத்தாது" என்று கடையில் கம்பெனி பெயர் போட்ட மாத்திரையையும் வாங்கி இரண்டையும் சாப்பிடுகிறார்கள். பெயர்தான் வேறு, இரண்டிலும் ஒரே மருந்து. இனிப்புநீர் மாத்திரையில் இப்படிச் செய்தால் சர்க்கரை அளவு திடீரென இறங்கி, மயங்கி விழ நேரிடும். தேயிலைச் சரிவில் வேலை செய்பவருக்கு அது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா மருந்தையும், கடை மருந்து, நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

பிள்ளைகளின் காய்ச்சல் மருந்திலும் ஒரு எச்சரிக்கை. பாராசிட்டமால் சிரப் 5 மில்லி லிட்டரில் 120 மில்லிகிராம் உள்ளதாகவும், 250 மில்லிகிராம் உள்ளதாகவும் விற்கப்படுகிறது. ஒன்றுக்குப் பழகிய கரண்டி அளவை மற்றதற்குப் பயன்படுத்தினால் அளவு ஏறத்தாழ இரண்டு மடங்காகவோ பாதியாகவோ ஆகிவிடும். புட்டியில் உள்ள எண்ணைப் பார்த்த பிறகுதான் ஊற்ற வேண்டும்.

பட்டணத்து ஃபார்மசி எதற்கு?

ராத்திரி பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, ஞாயிற்றுக்கிழமை பல்வலி என்றால் கிளினிக் திறக்கும் வரை காத்திருக்க முடியாது. அப்போது ஃபார்மசிதான் கை கொடுக்கும். மருந்தாளரிடம் ஆலோசனை கேட்கக் காசில்லை. ஆனால் மருந்தாளர் கடையில் இருக்கிறாரா என்று பாருங்கள். 1952ஆம் ஆண்டின் நச்சுப் பொருள் சட்டப்படி சில மருந்துகளுக்கு மருத்துவர் சீட்டு கட்டாயம். வேறு சிலவற்றைச் சீட்டு இல்லாமல் கொடுக்கலாம், ஆனால் மருந்தாளரே கொடுக்க வேண்டும். "மருந்தாளர் வெளியே போயிருக்கிறார், இப்போது தர முடியாது" என்று கடைப் பையன் சொன்னால் கோபப்பட வேண்டாம். அவர் சட்டப்படி நடக்கிறார்.

2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் ஃபார்மசிகளும் மருந்தின் விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். எனவே விலையைக் கேட்டுவிட்டு வாங்கலாம். அதே மருந்தின் விலை குறைந்த வகை இருக்கிறதா என்றும் கேட்கலாம்.

காசு கொடுக்காமல் கடையில் மருந்து வாங்கவும் ஒரு சின்ன வாசல் திறந்திருக்கிறது. சாரா எனப்படும் ரஹ்மா அடிப்படை உதவித் திட்டத்தில் மைகாட் மூலம் வரவு வைக்கப்படும் பணத்தைக் கொண்டு அரிசி, முட்டை மட்டுமல்ல, சாதாரண மருந்துகளும் வாங்கலாம். 2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாக் குடிமக்களுக்கும் ஒருமுறை 100 வெள்ளி இப்படி வழங்கப்பட்டது. திட்டத்தில் பதிந்த கடையாக இருக்க வேண்டும், அந்த மருந்தும் பட்டியலில் இருக்க வேண்டும். மைகாட்டை நீட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் போன்ற அவசரத் தேவைக்கு இது உதவும். மாத மருந்துக்கு இதை நம்ப முடியாது.

பாசார் மாலாமில் "மூட்டு வலிக்கு ஒரே நாளில் குணம்" என்று விற்கும் பொட்டலங்களைத் தொடாதீர்கள். அப்படிப்பட்ட பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பதிவு பெற்ற மருந்தில் "எம்ஏஎல்" என்ற எழுத்துகளோடு தொடங்கும் எண்ணும், மின்னும் ஹோலோகிராம் வில்லையும் இருக்கும்.

தனியார் கிளினிக்கில் இலவசம்

எஸ்டிஆர் உதவித் தொகை பெறுவோருக்காக 2023 ஜூன் மாதம் மடானி மருத்துவத் திட்டம் தொடங்கப்பட்டது. காய்ச்சல், இருமல் போன்ற திடீர் நோய்களுக்குப் பதிவு பெற்ற தனியார் கிளினிக்கில் சிகிச்சையும் மருந்தும் இலவசம். ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 250 வெள்ளி, துணையில்லாத மூத்தவருக்கு 125 வெள்ளி, தனி நபருக்கு 75 வெள்ளி என்று வரம்பு வைக்கப்பட்டது. முதலில் 10 மாவட்டங்களில்தான் தொடங்கியது. ஈப்போ அமைந்துள்ள கிந்தா அவற்றில் ஒன்று. போகும் முன் அந்தக் கிளினிக் இன்னும் பங்கேற்கிறதா என்று போன் செய்து கேளுங்கள். இனிப்புநீர், ரத்தக் கொதிப்புக்கான மாத மருந்து இதில் வராது.

40 வயதைக் கடந்த எஸ்டிஆர் பெறுநர்களுக்கும் அவர்களின் துணைவருக்கும் பெக்கா பி40 திட்டத்தின் கீழ் இலவச உடல் பரிசோதனை உண்டு. நோய் இருப்பதே தெரியாதவருக்கு மருந்து எப்படிக் கிடைக்கும்? முதலில் இதைச் செய்யுங்கள்.

பிற நாடுகளில் ஃபார்மசியையே அரசாங்கத்தின் கையாகப் பயன்படுத்துகிறார்கள். ஸ்காட்லாந்தில் 2020 ஜூலை முதல் சாதாரண நோய்களுக்கு நேராகப் பக்கத்து ஃபார்மசிக்குப் போய் இலவசமாக மருந்து பெறலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. ரிங்லெட்டிலுள்ள ஒரு தனியார் ஃபார்மசி அரசாங்க மருந்தைக் கொடுக்க முடியும் என்றால் லெம்பா பெர்த்தாமின் பாதி அலைச்சல் தீர்ந்துவிடும். நம் பிரதிநிதிகள் கேட்க வேண்டிய கேள்வி இது.

சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள், பத்திரம் இல்லாதவர்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஆகியோர் முன்கூட்டியே கட்டணத்தை விசாரித்துவிட்டுப் போவது நல்லது. வெளிநாட்டவருக்கான கட்டணம் பல மடங்கு அதிகம். பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை என்பதற்காகத் தடுப்பூசியைத் தள்ளிப் போடாமல் கிளினிக் தாதியிடம் பேசுங்கள்.

மருந்தை வைக்கும் இடம் பற்றியும் ஒரு வார்த்தை. அடுப்புக்கு மேல் உள்ள அலமாரியும் குளியலறையும் மருந்துக்கு ஆகாது. திறக்காத இன்சுலினைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்தால் உறைந்து கெட்டுவிடும். பயன்பாட்டில் உள்ளதைப் பெரும்பாலும் ஏறத்தாழ 4 வாரம் வெளியே வைக்கலாம். கேமரன் குளிரில் அது சிரமமில்லை. தேவைக்கு மேல் சேர்ந்துவிட்ட மாத்திரைகளைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்காமல், ஆற்றிலும் போடாமல், அடுத்த முறை போகும்போது அரசாங்க மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுங்கள். வாங்கிக்கொள்வார்கள்.